கேட்டால் கொடுத்திருப்போமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகனும் அவன் நண்பனும் சம்பான் என்கிற ஒரு சின்னத் துடுப்புப் படகில், பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து தஞ்சோங் தொக்கோங் நோக்கித் துடுப்பு வலித்தார்கள். துணைக்கு ஒரு மீனவரின் விசைப்படகு பின்னால் வந்தது. ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு செய்யும் மையம் ஒன்றுக்கு நிதி திரட்டத்தான் இத்தனையும். அன்று இரவே குடும்பக் குழுவில் ஓர் உறவினர் எழுதிவிட்டார்: “கேட்டால் கொடுக்கமாட்டோமா? எதற்கு இந்த விளம்பரம்?”

கேட்டோமே! போன தீபாவளிக்கு முன்பு நன்கொடைப் புத்தகத்தோடு நானே வீடு வீடாக ஏறி இறங்கினேன். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்றவர்கள்தாம் அதிகம். இந்த முறை அதே வீட்டார் தாமாகவே அழைத்து, “பையன் பத்திரமாகக் கரை ஏறினானா?” என்று கேட்டார்கள். கேட்ட கையோடு பணமும் அனுப்பினார்கள்.

மகன் பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வெறுங்காலோடு ஏறுகிற தாயிடம், “வீட்டில் கும்பிட்டால் முருகனுக்குக் கேட்காதா?” என்று நம்மில் யாராவது கேட்போமா? ஒருவருக்காக இன்னொருவர் உடம்பை வருத்திக்கொள்வது நமக்குப் புதிதா என்ன?

1966-இல் ஜான் ரிட்ஜ்வே, சே பிளைத் என்ற இருவர் 92 நாள் துடுப்பு வலித்தே அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். இன்று ஸ்பெயினின் லா கொமேரா தீவிலிருந்து கரீபியக் கடலின் ஆன்டிகுவா தீவு வரை, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர், தொண்டு நிறுவனங்களுக்காகப் பல குழுக்கள் வலிக்கின்றன. இரண்டு மணி நேரம் துடுப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு. இரவும் பகலும் அப்படியே. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இவனும் இறங்கினான். “நான்கு மணி நேரம் வலிக்கிறேன், மாமா. அப்பா ஒரு தடவை இயந்திரத்தோடு படுத்திருக்கும் நேரம் அது” என்றான்.

ஒன்றில் மட்டும் நானும் கண்டிப்பானவன். படகுச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கக்கூடாது. சம்பான் வாடகையையும் விசைப்படகின் எண்ணெய்ச் செலவையும் இருவரும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். மையம் கொடுத்த ரசீதை நானே பார்த்தேன்.

அத்தான் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போகிறார். ஊசி ஏறி ஏறி அவருடைய இடக்கை நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் அதிர்வது தெரியும். குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டும்.

அன்று மாலை மகனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்கள் உடைந்து, உப்பு பட்டுச் சிவந்திருந்தன. அவற்றைப் பற்றி அத்தான் ஒன்றும் சொல்லவில்லை.

“வெயிலில் ரொம்பத் தாகம் எடுத்ததா, ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

எடுத்தது என்றான். தன் பங்குத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.