மெஷினை எங்கள் பக்கம் திருப்பி வையுங்கள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை நடத்துகிற முதலாளிகளே, கார்டு மெஷினை எதற்காகக் கல்லாவுக்கு உள்பக்கம் வைத்திருக்கிறீர்கள்? பணம் கட்டுகிறவர் கைக்கு எட்ட வேண்டிய பொருள் அது!

கார்டில் அலை மாதிரி கோடு போட்டிருந்தால் மெஷினுக்குப் பக்கத்தில் காட்டினாலே போதும், அதைத்தான் 'டேப்' என்கிறார்கள். 5,000 ரூபாய் வரை பின் நம்பர் தேவையில்லை. 2021 ஜனவரி 1 முதல் அதுதான் வரம்பு. கார்டு நம் கையை விட்டுப் போகாது, பின் நம்பரை யாரும் பார்க்க முடியாது. அதற்குத்தான் இந்த வசதியே. இங்கே என்ன நடக்கிறது? பர்ஸிலிருந்து கார்டை எடுத்ததுமே பில் போடுகிற தம்பி கையை நீட்டுகிறார். வாங்கி மெஷினில் சொருகி, "பின் நம்பர் சொல்லுங்கண்ணா" என்கிறார். பின்னால் வரிசையாக ஆட்கள் நிற்க, சத்தமாக! தொகை எவ்வளவு போட்டார் என்றுகூட நமக்குத் தெரியாது, திரை அவர் பக்கம் இருக்கிறது. "நானே டேப் பண்ணிக்கிறேன்" என்றால், "இதுல அது எடுக்காதுண்ணா" என்று பதில். மெஷின் மேலேயே அலைக்குறி இருக்கிறது, எடுக்காதாம். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. சேர்ந்த அன்றைக்கே கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, மெஷினைப் பற்றிச் சொல்லித்தர பத்து நிமிடம் ஒதுக்காத முதலாளி மேல்தான் கோபம்.

வங்கிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. புதுக் கார்டு வரும்போது டேப் வசதி அணைத்துத்தான் வரும், நாம்தான் ஆப்பிலோ ஏடிஎம்மிலோ போய் அதைத் திறக்க வேண்டும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் கார்டைக் கையில் கொடுக்கும்போது அதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லாததால் கடையில் டேப் செய்கிறவருக்கு 'டிக்ளைன்' என்று வருகிறது. கணக்கில் காசில்லாமல் வந்துவிட்டார் என்று வரிசையே அவரைப் பார்க்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும்போது நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயசான அம்மா, ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டார். கணக்கில் பணம் கழிந்துவிட்டதாக மெசேஜும் வந்துவிட்டது. கடையின் சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்கவில்லை. "எங்களுக்கு வரலம்மா, இன்னொரு தடவை போடுங்க, போனது என்னாச்சுன்னு பேங்க்ல கேட்டுக்கோங்க." அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மா பையைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கடைக்குப் பணம் வராமல் பொருளைக் கொடுக்க முடியாது, சரி. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாமே: கழிந்த பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்ததாக உறுதியாகாவிட்டால், அன்றிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. கார்டு மெஷினில் மாட்டிய பணத்துக்கும் இதே கணக்குதான். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கல்லாவில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? பில்லின் பின்பக்கம் நேரத்தையும் யூடிஆர் எண்ணையும் (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்) எழுதிக் கொடுக்கக் கையா வலிக்கும்? முதலில் என் போன் நம்பரைக் கேட்கத் தெரிகிறதே, பில் தொடங்கும் முன்னாலேயே!

அப்புறம் சிக்னல். கட்டடத்தின் உள்கோடியில், ஒரு புள்ளி டவர்கூட எடுக்காத இடத்தில் கல்லாவைப் போட்டுவிட்டு, "உங்க நெட் ஸ்லோ" என்று எங்கள் மேல் பழி போடுகிறீர்கள். ஏசி போட்ட கடைக்கு ஒரு வைஃபை போட முடியாதா? க்யூஆர் அட்டையைச் சாக்லேட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து முன்னால் எடுத்து வையுங்கள். மெஷினின் ஒயரை இன்னும் இரண்டடி நீட்டுங்கள். நாளைக்குக் காலையில் கடை திறக்கும்போதே செய்துவிடக்கூடிய வேலைகள் இவை.