கிஷி தீவின் தேவாலயத்தில் ஆணியே இல்லையா?

ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஷி தீவில், 22 குவிமாடங்களுடன் சுமார் 37 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மரத் தேவாலயம் ‘ஓர் ஆணிகூட இல்லாமல்’ கட்டப்பட்டது என்ற செய்தி, படத்துடன் தொடர்ந்து பகிரப்பட்டு வருகிறது. இது பாதி உண்மை மட்டுமே.

1714-ஐச் சேர்ந்த இக்கட்டடத்தின் சுவர்களைப் பொறுத்தவரை செய்தி சரிதான். பைன் மரத்தடிகளின் முனைகளில் கோடரியால் பள்ளம் வெட்டி, ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று அமரும்படி படுக்கைவசமாக அடுக்கியிருக்கிறார்கள். தடிகளின் எடையே மூலைப் பொருத்துகளை இறுக்கிப் பிடிப்பதால் அங்கே ஆணிக்கு வேலையில்லை. ரஷ்யக் கிராமத்து வீடுகளும் இப்படித்தான் கட்டப்பட்டன என்பதால், இதை அதிசயம் என்பதைவிடக் கைதேர்ந்த தச்சு மரபு என்பதே பொருத்தம்.

குவிமாடங்களின் கதை வேறு. அவற்றைப் போர்த்தியிருக்கும், மீன் செதில் போன்ற ஆயிரக்கணக்கான ஆஸ்பென் மரச்சில்லுகள் ஆணிகளால்தான் அறையப்பட்டுள்ளன. வளைந்த பரப்பில் மெல்லிய சில்லு தன் எடையால் மட்டும் நிற்காது. வெயிலில் வெள்ளிபோல் மின்னி, பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பவை இந்தச் சில்லுகளே என்பதுதான் வேடிக்கை.

நெஸ்டர் என்ற தச்சர் வேலை முடிந்ததும் தன் கோடரியை ஏரியில் எறிந்தார் என்பதும் அழகான நாட்டார் கதையே தவிர வரலாறு அன்று. மேலும், கட்டடம் சாயாதிருக்க 1980-களில் உள்ளே எஃகுச் சட்டகமும் பொருத்தப்பட்டது.