எண்ணிக்கையைத் தாண்டி ஒரு எரிக் பிரவுன்

பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் 'விங்க்கிள்' பிரவுன் 487 வகை விமானங்களை ஓட்டினார், விமானம் தாங்கிக் கப்பல் தளத்தில் 2,407 முறை இறங்கினார். பிரமிக்க வைக்கும் கணக்குதான். ஆனால் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது டி.எச். 108 என்ற சோதனை ஜெட் விமானத்தின் விஷயத்தில்.

1946 செப்டம்பரில் அந்த விமானம் வானிலேயே சிதறி, அதை ஓட்டிய சோதனை விமானி ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் ஜூனியர் இறந்துபோனார். காரணத்தைக் கண்டுபிடிக்க, அதே வகை விமானத்தை அதே மாதிரி வேகத்துக்குக் கொண்டுபோனவர் பிரவுன். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது விமானம் மேலும் கீழுமாக வெறிபிடித்த மாதிரி ஆடியது. அவருடைய தாடை நெஞ்சில் போய் இடித்தது. அந்த நிலையிலும் பதறாமல் வேகத்தைக் குறைத்து, கட்டுப்பாட்டுத் தண்டை மெதுவாகப் பின்னால் இழுத்தார், ஆட்டம் நின்றது. ஜெஃப்ரி உயரமானவர், தலை விமானி அறையின் மேல்மூடியில் மோதியிருக்கலாம், தன்னைக் காப்பாற்றியது தன் குள்ள உருவம்தான் என்பது அவர் கணிப்பு. ஒருவர் செத்த இடத்துக்குத் தெரிந்தே போய், நடந்ததைத் தெளிவாகக் கவனித்துச் சொல்ல எவ்வளவு நிதானம் வேண்டும்!

அப்புறம், 1945 டிசம்பர் 3 அன்று எச்.எம்.எஸ். ஓஷன் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் வாம்பயர் ஜெட் விமானத்தை இறக்கிக் காட்டியதும் இவர்தான். 97 வயது வரை வாழ்ந்த இந்த மனிதருக்கு 'சர்' பட்டம் கடைசிவரை கொடுக்கப்படவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.