அந்த இடது கை

இலங்கைத் தமிழர் முகாமில் நம்ம சபை ஒன்று உதவிப் பை கொடுத்த அந்த வீடியோவைப் பற்றி நான் விளக்கப் போவதில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை போன் வைத்திருக்கிற எல்லோரும் மூன்று நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த முகாம், எந்தச் சபை, எந்தப் பாஸ்டர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பெயர் எழுத மாட்டேன். அந்தப் பிள்ளையின் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை அவர்கள் பெயருக்காவது கிடைத்துவிட்டுப் போகட்டும்.

என்னைத் தூங்கவிடாதது வீடியோவின் நடுவில் வருகிற ஒரு கை. அந்த அண்ணன் வலது கையால் பையை நீட்டுகிறார். அரிசி, பருப்பு, பிஸ்கட், இரண்டு நோட்டுப் புத்தகம். பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும். வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "முகம் விழல்ல" என்கிறது. உடனே இடது கை வருகிறது. இரண்டு விரலால் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறது. சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்ப்பார்களே, அப்படி. அவள் சிரிக்கிறாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரிக்கிறாள்.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்து மிட்டாய் வாங்காதவர் நம்மில் யார்? இங்கே இடது கைக்குத் தெரிந்ததோடு நிற்கவில்லை, முக்கியமான வேலையே அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கொடுங்கள். நன்றாகக் கொடுங்கள். பிள்ளையின் முகத்தை எடுக்காதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். முதல் நாள் அந்த வீடியோ வந்தபோது நானும் முழுசாகப் பார்க்காமல் ஒரு இதயக் குறியைத் தட்டிவிட்டுப் போனவன். நம்ம சபைப் பிள்ளைகள் நல்லது செய்கிறார்கள் என்று ஒரு பெருமை வேறு. இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

பட்டதற்குக் காரணம் உண்டு. நான் போர்டிங் பிள்ளை. அப்பா ரப்பர் வெட்டப் போனவர். ஒரு விடியற்காலையில் பாம்பு கடித்துத் தோட்டத்திலேயே இறந்துபோனார். அம்மா அண்டி ஆபீசுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தாள். அந்த எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். என்னை நாலாம் வகுப்பில் ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்த்தார்கள். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகும்.

வருஷத்துக்கு ஒரு நாள் போட்டோ நாள் வரும். நல்ல சட்டை என்று ஒரு நீலச் சட்டை இருந்தது. ஒன்றே ஒன்று. அதை ஆறேழு பையன்கள் வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்போம். முன்னால் நின்றவனின் வேர்வை ஈரம் காயும் முன்னே நான் போடுவேன். வெளிநாட்டில் ஆளுக்கொரு ஸ்பான்சர் இருந்ததால் ஒரே சட்டை என்பது யாருக்கும் தெரியாது. நெஞ்சில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் நம்பர். அப்புறம் கரும்பலகையில் எழுதிப் போட்ட கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டும். 'அன்புள்ள மாமா, இங்கே நல்ல மழை. எங்கள் ஆடு குட்டி போட்டது.' எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. ஆடு வாங்கப் பணம் இருந்தால் நான் ஏன் அங்கே இருக்கப் போகிறேன்?

அதுகூடப் பரவாயில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது கூட்டாளி ஒருத்தன் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு மிஷன் காலண்டர். ஜூன் மாதத் தாளில் நான். சிலேட்டைப் பிடித்துக்கொண்டு, நீலச் சட்டையில். கீழே, தகப்பனில்லாத பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள் என்று அச்சடித்திருந்தது. அவன் அம்மா எனக்கு இன்னும் ஒரு கரண்டி மரச்சீனிக் கிழங்கு வைத்தார்கள், பாவம் என்று சொல்லி. மறுநாளே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் விழுந்துவிட்டது. இன்றைக்கு எனக்கு நாற்பது கழிந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் எவனாவது "லே ஜூனு!" என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்தப் படத்துக்கு யாரும் என் தாடையைப் பிடிக்கவில்லை. நானே நிமிர்ந்து நின்றேன். பழக்கிவிட்டார்கள்.

அதே போர்டிங்கில் ஒரு வார்டன் அம்மா இருந்தார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர். பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினார் என்பதே எனக்குப் பத்து வருஷம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

சரி, இனி உங்கள் கேள்விகள். இன்பாக்ஸில் வந்தவையும், வரப்போகிறவையும்.

"பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" இது நியாயமான கேள்வி, மரியாதையாகவே பதில் சொல்கிறேன். காட்டுங்கள். பலசரக்குக் கடை பில் இருக்கிறது. பை வாங்கியவர்களின் கையெழுத்து இருக்கிறது. அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுங்கள், பிள்ளைகளின் முதுகை எடுங்கள், கொடுக்கிற உங்கள் கையை எடுங்கள். நான் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக வீட்டுக்காரரின் முகத்தை நான் படம் எடுத்துக்கொண்டு போவதில்லை, மீட்டரைத்தான் எடுக்கிறேன். முகத்தைப் பார்த்தால்தான் காணிக்கை வரும் என்றால், காணிக்கை போடுகிறவர்களைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

"தாய் தகப்பன் சம்மதித்துத்தானே எடுத்தோம்?" இதைச் சொன்னவர் ஒரு முகாமுக்குள் போயிருக்கிறாரா? நம் மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று நான்கு இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நல்ல காரியம். ஆனால் பதிவு, ஆள் கணக்கெடுப்பு, போலீஸ் உளவுப் பிரிவான க்யூ பிரிவின் கண் எல்லாம் அப்படியேதான். அங்கே கையில் பேப்பரோடு வருகிற யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளை இங்கே பிறந்தவள். அவள் தாயும் 1990களில் இங்கேயே பிறந்தவள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். அதனால் இரண்டு பேருமே இந்தியர் இல்லை. 2019இல் வந்த திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தது, இலங்கை இல்லை. முப்பது வருஷமாக ஒவ்வொரு தாளிலும் 'சரி ஐயா' என்று கையெழுத்துப் போட்ட குடும்பம் உங்கள் கேமராவுக்கு முன்னால் மட்டும் 'முடியாது ஐயா' என்று சொல்லிவிடுமா? அதற்குப் பேர் சம்மதம் என்கிறீர்கள்.

இன்னொன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முகாம் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்குச் சட்டம் வேண்டாம், வசனம் போதும்.

"கட்சிக்காரன் வெள்ள நிவாரணத்தில் ஸ்டிக்கர் ஒட்டும்போது எங்கே போனாய்?" அப்போதும் திட்டினேன், பழைய பதிவைத் தேடிப் பாருங்கள். அதை விடுங்கள். நம் ஊழியத்துக்கு அளவுகோல் கட்சிக்காரனா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள், நான் வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்கிறேன்.

"எதிரிகளுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆயுதத்தைச் செய்து, தீட்டி, இசை சேர்த்து, 'ஷேர் செய்யுங்கள்' என்று எழுதிப் போட்டது நீங்கள். நான் அதைச் சுட்டிக்காட்டினால் நான் யூதாசா?

இனி அந்த 'எதிரிகள்'. அரிசிக்கு மதம் மாறினவர்கள் என்று கேலி பண்ணி வீடியோவுக்குக் கீழே 'அரிசி மூட்டை' என்று எழுதிய நூறு பேரே, நான் உங்கள் கட்சி இல்லை, என் பதிவுக்கு லைக் போட வேண்டாம். பை கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளைப் பாட்டுப் பாடவைத்தது தப்பு. அதை நீங்கள் சொன்னது சரி. பாடினால் பை என்பது ஊழியம் இல்லை, வியாபாரம். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த முகாமுக்கு நீங்கள் என்றைக்காவது ஒரு கிலோ உப்பு கொண்டுபோனதுண்டா? வெளிநாட்டுப் பணத்துக்கு அரசு போட்ட கட்டுப்பாட்டால் 2017இல் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ உதவி நிறுவனம் இந்தியாவை விட்டுப் போனபோது 1,40,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவி நின்றது. வெளிநாட்டுப் பணத்தை அரசு கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டீர்கள் என்று கேட்கிறேன்.

1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒற்றை டாக்டர் நோயாளிக் கூட்டத்தில் திணறுவதைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் உங்கள் தாத்தாமாரும்தான் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தையலுக்கு மதம் கேட்டீர்களா?

இப்படி எழுதினால் நான் மிஷனரிகளைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்பீர்கள். அவர்களும் சுத்தம் இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பணம் அனுப்பியவரின் பெயரை இங்கே போர்டிங் பிள்ளைக்கு வைத்தார்கள். தாய் கூப்பிட்ட பேர் போய், யாரோ ஒரு சீமாட்டியின் பேர் வந்தது. பெயரில் தொடங்கி, சிலேட்டு வந்து, இப்போது ரீல்ஸ் வந்திருக்கிறது. ஆனால் அதே நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1820களில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான். அந்தப் பெண்களின் முகம் நமக்குத் தெரியாது. லேஸ் தெரியும்.

அரிசி மூட்டை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் பாட்டியின் தகர டின் ஞாபகம் வரும். அடுப்பாங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும், மூடி துருப்பிடித்த பழைய பிஸ்கட் டின். உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை அந்த டின்னில் போடுவாள். பிடி அரிசி. கடன் வாங்கிய அரிசி என்றாலும் போடுவாள். "பாட்டி, நமக்கே பத்தாதே" என்றால், "பத்தாதது எப்பவும் பத்தாது, போடு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்து மாமிமார் எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். சம்பாவும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் எல்லாம் கலந்து கிடக்கும். எது யார் வீட்டு அரிசி என்று கொடுத்தவளுக்கே தெரியாது, வாங்கினவனுக்கு எப்படித் தெரியும்?

நேற்று என்னோடு சைட்டில் பெயின்ட் அடிக்கிற முகாம் தம்பியிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை அவன் அண்ணன் மகள்தான். "பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறாள் அண்ணை. பெடியள் பிஸ்கட் எண்டு கூப்பிடுறாங்களாம்" என்றான். சொல்லிவிட்டு ரோலரைத் தண்ணீரில் கழுவப் போய்விட்டான். எனக்கு அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை.

பாஸ்டர் அண்ணே, என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. உங்களைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் முதலில் சொன்னேன், 'சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்க தம்பி' என்றீர்கள். வீடியோவை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், நானும் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன். இப்போது ராத்திரி பதினொன்றே கால். கடைசியாகப் பார்த்தபோது 640 பேர் இதயம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. அதை எடுத்துவிட்டேன், 639.