முதல் பக்கத்தைத் திருப்பினால்தான் செய்தித்தாள்

ஊடகத்தை அரசு ஒடுக்குகிறது என்று பேச்செடுத்தாலே நமக்குக் கைதுகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக 1987-இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2003-இல் 'தி இந்து' ஆசிரியர்கள் உள்ளிட்டோருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் அதே பேரவை 15 நாள் விதித்தது. 2018-இல் நக்கீரன் கோபால் சென்னை விமான நிலையத்தில் கைதானார்.

ஆனால் மூன்றிலும் அரசு நினைத்தது நடக்கவில்லை. விகடன் ஆசிரியர் சில நாள்களிலேயே வெளியே வந்து, பிறகு நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். 2003 தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கோபாலைச் சிறைக்கு அனுப்ப எழும்பூர் நீதிமன்ற நடுவர் மறுத்துவிட்டார். கைது என்பது கைதேராத அரசு செய்கிற வேலை என்பதே என் எண்ணம். கைதேர்ந்த அரசு விளம்பரத்தைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியபோது கேமராக்கள் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தன. கறுத்துப்போன வலைகளையும், மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளியதையும் நாடே பார்த்தது. அந்த மாதக் கடைசியில் அதே எண்ணூரின் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியபோதும் வந்தன. அதன் பிறகு, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்பதைத் தெரிந்துகொள்ள, தண்டையார்பேட்டையில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையின் நாளிதழைப் புரட்டினேன். முதல் பக்கம் முழுவதும் அரசு விழா விளம்பரம். எண்ணூருக்கு உள்ளே எங்கோ மூன்று வரி. "அண்ணா, முதல் பக்கத்தத் திருப்புனாதான் பேப்பரே ஸ்டார்ட் ஆவுது" என்றார் கடைக்காரத் தம்பி, கத்தரியை நிறுத்தாமலேயே.

செய்தியாளர் எழுதவில்லை என்று நான் குற்றம் சொல்ல மாட்டேன். எழுதியதைச் சுருக்கச் சொல்லி யாரும் தொலைபேசியில் மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த மாத விளம்பரமும் போன மாத விளம்பரத்துக்கு வரவேண்டிய பாக்கியும் யார் கையில் இருக்கின்றன என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும், சுருக்கும் வேலை தானாகவே நடந்துவிடும். கைதுக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். வராத விளம்பரத்துக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போவது? தொலைக்காட்சிக்கோ கூடுதலாக இன்னொரு கயிறு உண்டு: 2007-இல் தொடங்கப்பட்ட அரசு கேபிள் நிறுவனத்தின் வரிசையில் தன் சேனலுக்கு எந்த எண், நாளைக்கும் அந்த எண் இருக்குமா என்கிற கவலை. ஆளும் கட்சி மாறினாலும் இந்தக் கயிறுகளை அவிழ்த்துவிட்டவர் எவருமில்லை. சென்னையானாலும் டெல்லியானாலும் அப்படித்தான்.

எந்த இதழுக்கு, எந்தச் சேனலுக்கு, எந்த மாதம் எவ்வளவு விளம்பரப் பணம் போனது என்ற பட்டியலை இரு அரசுகளும் மாதந்தோறும் வெளியிடட்டும். வேண்டுமானால் அதையும் முதல் பக்க விளம்பரமாகவே கொடுக்கட்டும். அந்த ஒரு நாள் மட்டும் பக்கத்தைத் திருப்பாமல் படிக்கிறேன்.