அந்த ‘கடைசி பஸ்’ படத்தில் தேதி எங்கே?

அந்தப் படத்தை நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஊர்ப் பெயரையும் இழுக்க வேண்டாம். நெட்டில் சுற்றுகிற அந்த நேரப் பலகைப் படத்தை நம்பி, ஓடாத கடைசி பஸ்ஸுக்காகக் கைக்குழந்தையோடு ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட வேண்டியவர்கள் எல்லாம் பரிதாபப்பட்டு முடித்தாயிற்று. என் எரிச்சல் அந்தப் படத்துக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள் மேல்தான். “கையில ஸ்மார்ட்போன் இருக்குல்ல, நெட்ல பாத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?”

அந்தப் பெண் பார்த்துவிட்டுத்தான் ஐயா கிளம்பினார். நெட்டில் பார்த்ததால்தான் நின்றார்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் வரைந்த பஸ் நேரப் பலகை. கீழே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், அதில் ஐந்து இலக்கத் தரைவழி எண். அப்படி எண்கள் வழக்கொழிந்து எத்தனை வருஷம்? பலகையில் ‘9.40’ என்று இருக்கிறது. இரவா பகலா என்று இல்லை. எந்த வழி என்று இல்லை. அந்த 9.40 இந்த ஸ்டாண்டிலிருந்து எடுக்கிற நேரமா, எங்கிருந்தோ கிளம்பி இங்கே வந்து போகிற நேரமா என்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், தேதி இல்லை. எந்த வருஷம் எந்த மாதம் முதல் அமல் என்று ஒரு வரி இல்லை. பால் பாக்கெட்டில்கூட தேதி அடித்து விற்கிறார்கள்.

இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது இது ஒன்றுதான், எத்தனை தடவை சொன்னாலும் பரவாயில்லை: தேதி போடாத நேரப் பட்டியல் நேரப் பட்டியலே இல்லை.

சரி, ‘நெட்ல பாருங்க’ என்கிறவர்கள் ஒரு தடவை அவர்களே பார்க்கட்டும். ‘இந்த ஊர் டு அந்த ஊர் பஸ் டைமிங்’ என்று தேடினால் முதலில் வருவது என்ன? ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த பக்கங்கள். நாலு விளம்பரத்துக்கு நடுவில் ஒரு அட்டவணை. ஒருவர் 5.15 என்று தப்பாக அடித்தால் எல்லாப் பக்கத்திலும் அதே 5.15. பத்து இடத்தில் இருப்பதால் அது சரியாகிவிடாது, மூலம் ஒன்றுதான்.

அடுத்து முன்பதிவுத் தளம். அரசு பஸ்ஸுக்கான அதிகாரப்பூர்வத் தளம்தானே என்று நம்பிப் போகிறார்கள். அங்கே இருப்பது முன்பதிவுக்குத் திறந்துவிட்ட வண்டிகள் மட்டும். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக வண்டிகள் வரும், மற்ற அரசுப் போக்குவரத்துக் கழகக் கோட்டங்களின் தொலைதூர வண்டிகளில் சில வரும். உங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு அரை மணிக்கு ஒன்று ஓடுகிற சாதா வண்டி அதில் வராது. தேடினால் ‘சேவை இல்லை’ என்கிற மாதிரி காட்டும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, “பஸ்ஸே இல்லையாம்” என்று கார் பிடிக்கிறார். அந்தத் தளத்திலேயே இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இரவு 12.15 வண்டிக்கு எந்தத் தேதியில் பதிவு செய்வது? சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம் என்று சனிக்கிழமை தேதியில் போட்டால், வண்டி வெள்ளி நள்ளிரவே போய்விட்டிருக்கும். சீட்டு கையில் இருக்கும், வண்டி இருக்காது.

இதற்கெல்லாம் உலகம் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜிடிஎஃப்எஸ் என்கிற, பஸ் நேரங்களை எழுதி வைக்கிற கோப்பு வடிவம். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. சில சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். நிறுத்தங்கள் ஒன்றில், தடங்கள் ஒன்றில், நடைகள் (வண்டி ஒரு தடவை போகிற பயணம்) ஒன்றில், எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்பது இன்னொன்றில், எந்தக் கிழமை ஓடும் என்பது வேறொன்றில். நள்ளிரவு தாண்டிய வண்டியை 24:15:00 என்று எழுதலாம், அதாவது சனிக்கிழமை ஷெட்யூலின் தொடர்ச்சி என்று குழப்பமில்லாமல் தெரியும். இந்த நேரம் கறாரானதா, உத்தேசமா என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு. பட்டியல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பதற்கும் இடம் உண்டு. திரும்பவும் சொல்கிறேன், தேதி!

மேப்பில் பஸ் நேரம் வருகிறது என்றால் யாரோ இப்படி ஒரு கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேப் தானாக நம் ஊர் ஸ்டாண்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே குறிப்பெடுக்காது. கொடுத்தவர் புதுப்பிக்காமல் விட்டால் ரத்தான நடையும் வரைபடத்தில் ஜம்மென்று ஓடும். டெல்லி அரசு 2018-லேயே ஐஐஐடி டெல்லி என்கிற கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பஸ் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் நம்மிடம் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன, அவையும் இதைச் செய்யலாமே.

“சென்னையில் ஆப் இருக்கே!” என்று கை தூக்குவது தெரிகிறது. இருக்கிறது. 2022-ல் ‘சென்னை பஸ்’ வந்தது, 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ வந்தது. நல்ல விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் ஓடுகிற வண்டியைக் காட்டுகிற ஆப், வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு முதல் நடை உண்டா, ஞாயிற்றுக்கிழமை கடைசி நடை உண்டா என்பதற்கு நேரப் பட்டியல்தான் வேண்டும். முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும்தான் ஜனங்களுக்கு முக்கியம். நடுவில் உள்ளதை எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். அப்புறம், சென்னைக்கு வெளியேயும் தமிழ்நாடு இருக்கிறது.

“நம்ம ஊர் டிராஃபிக்ல எந்த பஸ் நேரத்துக்கு வருது, இதுக்கு டைம்டேபிள் ஒரு கேடா?” இதுவும் வந்தது, அதுவும் நிறைய லைக்கோடு. இருபது நிமிஷம் தாமதமாக வருகிற பஸ்ஸும், கார்த்திகை மாதத்தோடு நிறுத்திவிட்ட பஸ்ஸும் உங்களுக்கு ஒன்றா? தாமதத்துக்குக் காத்திருக்கலாம். இல்லாத வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

நடை ஏன் இல்லாமல் போகிறது என்று தெரிந்தால்தான் இந்தத் தேதிக்கு நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று புரியும். கிராமத்துக் கடைசி பஸ் பெரும்பாலும் ஹால்ட் வண்டி. ராத்திரி அங்கேயே நின்று, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலை முதல் நடையாகத் திரும்பும். ஆள் பற்றாக்குறை என்றால் கிளையில் (டெப்போவில்) முதலில் கை வைப்பது இந்த வண்டியில்தான். கடைசி நடையை வெட்டினால் மறுநாள் முதல் நடையும் தானாகவே போச்சு. கல்லூரி நாட்களில் மட்டும் ஓடுகிற நடைகள் உண்டு, விடுமுறையில் கிடையாது. தீபாவளி, பொங்கலுக்கு மாவட்டத்து வண்டிகளை இழுத்துச் சென்னைக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கு விடுவார்கள். அந்த நாட்களில் உள்ளூர் நடையில் ஓட்டை விழும். வண்டி பழுதாகி ஸ்பேர் இல்லை என்றாலும் அதே கதி. இதில் பாதி முன்கூட்டியே தெரிந்த விஷயம். பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரில் இருக்கிறது. கிளையில் எழுதி வைக்கிறார்கள். நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“டிரைவர் கண்டக்டர் மேல பழி போடாதீங்க” என்று ஒரு அண்ணன் வருத்தப்பட்டிருந்தார். போடவில்லை. பட்டியல் இல்லாததற்குத் திட்டு வாங்குகிறவர்களே அவர்கள்தான்.

“விசாரிச்சிட்டு வரலாமே” என்பவர்களுக்கு: எங்கே விசாரிப்பது? நேரக்காப்பாளர் அறை பகலில் திறந்திருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பல ஸ்டாண்டில் பூட்டுதான் பதில் சொல்லும். நெட்டில் கிடைக்கிற கிளைத் தொலைபேசி எண் அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் டீக்கடையில் கேட்கலாம். டீக்கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவருக்கு வியாபாரமே அந்த நடையை நம்பித்தான். ஒரு அரசுச் சேவையின் தகவல் தொழில்நுட்பம் இதுதான் என்றால் சரி, அவருக்காவது சம்பளம் கொடுங்கள்.

இப்போதைக்கு ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் அதன் வயதைக் கண்டுபிடிக்கச் சில வழி சொல்கிறேன். முதலில் பஸ் ஸ்டாண்ட் பெயரைப் பாருங்கள். திருநெல்வேலி, மதுரை வண்டி கோயம்பேட்டில் கிளம்புவதாக இருந்தால், 2024 தொடக்கத்துக்கு முந்தைய பட்டியல். கிளாம்பாக்கம் திறந்தது 2023 டிசம்பர் 30. தென்மாவட்ட வண்டிகள் 2024 தொடக்கத்தில் அங்கே போய்விட்டன. திருச்சியில் வெளியூர் வண்டிகளுக்கெல்லாம் மத்தியப் பேருந்து நிலையம் என்று போட்டிருந்தால், 2025 ஜூலையில் பஞ்சப்பூர் இயங்கத் தொடங்கியதற்கு முந்தையது. கட்டணம் போட்டிருந்து, அது இன்றைக்கு அரசு வண்டியில் கொடுப்பதைவிட வெகு குறைவு என்றால், 2018 ஜனவரி உயர்வுக்கு முந்தையது. ‘சேரன்’, ‘பாண்டியன்’ என்று கழகப் பெயர் இருந்தால் 1997-க்கு முந்தையது, ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு முன்பே எங்கேயாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வழியையும் பாருங்கள். மதுரையிலிருந்து கோவைக்குத் தாராபுரம், பல்லடம் வழியாக வந்தால் இறங்குவது சிங்காநல்லூர். பழனி, பொள்ளாச்சி வழி என்றால் உக்கடம். ‘மதுரை – கோவை 4.30’ என்று மொட்டையாகப் போட்டால், கூட்டிப்போக வருகிறவர் ஒரு ஸ்டாண்டிலும் வந்தவர் இன்னொரு ஸ்டாண்டிலும் நிற்பார்கள். தொலைதூர வண்டி என்றால் முன்பதிவுத் தளத்தில் பண்டிகை இல்லாத ஒரு புதன்கிழமைத் தேதி போட்டுத் தேடுங்கள். வழக்கமாக ஓடுவது எது என்று அதில்தான் தெரியும். வெள்ளி, ஞாயிறு போட்டால் சிறப்பு வண்டிகளும் கலந்து வந்து ஏமாற்றும்.

தனியார் பஸ் விஷயம் வேறு. அவர்கள் நேரம் அவர்கள் இஷ்டம் என்று நினைக்கிறோம். இல்லை. பெர்மிட்டோடு நேரமும் சேர்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். இரண்டு முதலாளிகளுக்கு நடுவே நாலு நிமிஷத் தகராறு என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். முதலாளிகளுக்கு நிமிஷக் கணக்கு தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 72-ன்படி, அங்கீகரித்த நேர அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிலையங்களிலும் வைக்க வேண்டும் என்று பெர்மிட்டிலேயே நிபந்தனை போடலாம். அடுத்த தடவை ஏறும்போது தேடிப் பாருங்கள். அம்மன் படம் இருக்கும், ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ இருக்கும்.

“டேட்டாவைத் திறந்து விட்டா தனியார் ஆப் கம்பெனிக்காரன் சம்பாதிப்பான்” என்று ஒரு தம்பி. சம்பாதிக்கட்டுமே! இப்போது பொய்யான நேரத்தைப் போட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கிறானே, அது பரவாயில்லையா?

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. சென்னைக்கு ஏசி ஸ்லீப்பரில் போகிறவருக்கு வண்டி எண், ஏறும் இடம், நேரம் எல்லாம் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடுகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி மேப்பில் ஊர்ந்து வருகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதில் ஏறுகிற பூக்காரம்மாவுக்கு, ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு ஒன்பது மணிக்கு வெளியே வருகிற பெண்ணுக்கு, அடுத்த வண்டி எப்போது என்று யார் சொல்கிறார்கள்? இலவசமாகப் போகிறவர்களுக்குத் தகவல் வேறு வேண்டுமா என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பின்னூட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. அவர் பெயரோடு அது அங்கேயே இருக்கட்டும். அந்தப் பெண் வண்டிக்குக் காசு கொடுத்தாளா இல்லையா என்பதா கேள்வி? கைக்குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்து இப்படிக் கேட்கத் தோன்றுகிறது என்றால் நமக்கு என்ன ஆயிற்று?

சரி, சூடாகிவிட்டது. ஆக வேண்டியதைச் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். உங்கள் கோட்டத்தின் மண்டல அலுவலகம், பொதுத் தகவல் அலுவலர் முகவரிக்கு அனுப்புங்கள். “பஸ் நேரம் வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன கிளையிலிருந்து இயங்கும் அனைத்துத் தடங்களின், இன்றைய தேதியில் நடைமுறையில் உள்ள, நடைவாரியான நேர அட்டவணையின் நகல். கடைசியாகத் திருத்திய தேதி. இரவு ஹால்ட் நடைகளின் பட்டியல். ஞாயிறு, விடுமுறை நாட்களில் இயங்காத நடைகள். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே சட்டத்தின் பிரிவு 4, இந்த மாதிரித் தகவல்களை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. அதையும் மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

பின்னூட்டத்தில் உங்கள் ஊர் நேரங்களைப் போடுகிறவர்கள் இந்த வரிசையில் எழுதுங்கள்: எந்த ஸ்டாண்ட், எங்கே போகிறது, எந்த வழி, தடம் எண், 24 மணிக் கணக்கில் நேரம், அது எடுக்கும் நேரமா கடக்கும் நேரமா, எந்தக் கிழமை கிடையாது, கடைசியாக நீங்கள் கண்ணால் பார்த்த தேதி. தேதி இல்லாமல் வருகிறதை அழித்துவிடுவேன். யார் போட்டாலும் சரி, கோபித்துக்கொள்ளக் கூடாது.