லினக்ஸில் கன்ட்ரோலர்: டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது

"லினக்ஸில் கேம் கன்ட்ரோலர் எதுவும் தானாக வேலை செய்யாது, யாரோ எழுதிய டிரைவரை (சாதனத்தைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளை) தேடி நிறுவணும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பழைய கதை. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸுக்கு சோனியே எழுதிக் கொடுத்த டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், 2021இல் வந்த 5.12 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலருக்கும் ஜாய்-கானுக்கும் 5.16 பதிப்பில் இடம் கிடைத்தது. வயர் வைத்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான எக்ஸ்பேட் டிரைவர் அதற்குப் பல வருடம் முன்பே உண்டு. செருகினால் போதும்.

அவர் சொன்னதில் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் டாங்கிளுக்கு (கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி கருவிக்கு) மட்டும் நியாயம் இருக்கிறது. அதற்கு எக்ஸ்ஒன் (xone) என்ற தனி டிரைவரைத்தான் பலரும் நிறுவுகிறார்கள். புளூடூத் உள்ள மாடல் என்றால் அந்தத் தொல்லையும் வேண்டாம்.

கேமில் பட்டன் வேலை செய்யவில்லையா? உடனே டிரைவர் மேல் பழி போடாதீர்கள். டெர்மினலில் ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஈவிடெஸ்ட் (evtest) என்ற சோதனைக் கருவியை ஓட்டி, பட்டனை அழுத்திப் பாருங்கள். வரிகள் ஓடினால் கர்னல் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டது, கேம்தான் பார்க்கவில்லை. அப்போது துழாவ வேண்டிய இடம், ஸ்டீம் கேம் தளத்தில் கன்ட்ரோலருக்கென உள்ள ஸ்டீம் இன்புட் அமைப்பு. டூயல்சென்ஸின் டிரிகர் (விரலால் இழுக்கும் பட்டன்) அழுத்தும்போது இறுகுவது மட்டும் வேறு விஷயம், அதைக் கேமே ஆதரித்தாக வேண்டும்.